ரோல்ஸ்-ராய்ஸ் விமான எஞ்சின் நிறுவனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோல்ஸ்-ராய்ஸ் என்பது கார் நிறுவனம் அல்லவா?

ஒரு காலத்தில் இரண்டும் ஒரே நிறுவனமாக இருந்தன, இன்று அவ்வாறில்லை. கார் பிரிவு 1973இல் தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டு, 1980இல் விக்கர்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போய், 1998இல் ஃபோக்ஸ்வாகனுக்கு விற்கப்பட்டது. ஆனால் 'ரோல்ஸ்-ராய்ஸ்' என்ற பெயரும் இரட்டை 'ஆர்' முத்திரையும் விமான எஞ்சின் நிறுவனத்துக்கே உரியனவாக இருந்ததால், அந்நிறுவனம் பெயர் உரிமையை 4 கோடி பவுண்டுக்கு பிஎம்டபிள்யூவுக்குக் கொடுத்துவிட்டது. தொழிற்சாலையை வாங்கியவர் ஒருவர், பெயரை வாங்கியவர் இன்னொருவர் என்ற விசித்திரம் சில ஆண்டுகள் நீடித்தது. 2003 முதல் ரோல்ஸ்-ராய்ஸ் கார்களை பிஎம்டபிள்யூ இங்கிலாந்தின் குட்வுட்டில் தயாரிக்கிறது. இப்பக்கம் டெர்பி நகரை முதன்மைத் தளமாகக் கொண்ட எஞ்சின் நிறுவனத்தைப் பற்றியது மட்டுமே.

கார் செய்தவர்கள் விமான எஞ்சினுக்கு எப்படி வந்தார்கள்?

மான்செஸ்டரில் மின்கருவிகள் செய்துவந்த ஹென்றி ராய்ஸும், லண்டனில் கார் விற்றுவந்த செல்வந்தர் மகன் சார்லஸ் ரோல்ஸும் 1904 மே 4 அன்று மான்செஸ்டர் மிட்லாண்ட் ஹோட்டலில் முதன்முதலாகச் சந்தித்தார்கள். 1906இல் நிறுவனம் பதிவாயிற்று. 1908இல் டெர்பியில் தொழிற்சாலை எழுந்தது. இருவரில் விமானப் பித்து கொண்டிருந்தவர் ரோல்ஸ்தான். ஆனால் அவர் 1910 ஜூலையில் போர்ன்மவுத்தில் விமானம் உடைந்து விழுந்து இறந்தார். எஞ்சின் பொருத்திய விமான விபத்தில் உயிரிழந்த முதல் பிரிட்டானியர் அவர். விமான எஞ்சினில் அவ்வளவாக நாட்டம் காட்டாத ராய்ஸோ, 1914இல் போர் மூண்டு அரசு கேட்டுக்கொண்ட பிறகு, உடல்நலம் குன்றித் தொழிற்சாலைக்கு வெகுதொலைவில் கடலோர வீட்டில் தங்கியிருந்த நிலையிலேயே 'ஈகிள்' எஞ்சினை வரைந்து முடித்தார். 1919இல் அல்காக், பிரவுன் இருவரும் எங்கும் இறங்காமல் அட்லாண்டிக்கைக் கடந்த விக்கர்ஸ் விமி விமானத்தில் இருந்தவை இரண்டு ஈகிள் எஞ்சின்கள்தாம்.

போர் இல்லாதிருந்தால் இது கார் நிறுவனமாகவே நின்றிருக்கும் என்று சொல்ல இடமுண்டு. அரசின் தேவையும் நிறுவனத்தின் தொழில்நுட்பமும் அன்று பிணைந்தவை, பின்னர் ஒருபோதும் முழுமையாகப் பிரிந்ததில்லை.

மெர்லின் எஞ்சின் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர், ஹரிகேன், லங்காஸ்டர், மொஸ்கிட்டோ, பின்னர் அமெரிக்காவின் மஸ்டாங் ஆகிய அனைத்தையும் இயக்கியது அதுதான் என்பது ஒரு காரணம். 27 லிட்டர் கொள்ளளவும் பன்னிரண்டு சிலிண்டர்களும் கொண்ட அந்த எஞ்சின், ஏறத்தாழ 1,000 குதிரைத்திறனில் தொடங்கி, அளவு மாறாமலே போரின் இறுதிக்குள் அதைப்போல் இரு மடங்கை எட்டியது. மீயூட்டி எனப்படும் காற்று அமுக்கும் பகுதியைக் கணிதவியலாளர் ஸ்டான்லி ஹூக்கர் திருத்தியமைத்தது அந்த உயர்வில் பெரும்பங்கு வகித்தது.

ஆனால் தொழில் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. மெர்லினைப் பெருமளவில் தயாரிக்க ஃபோர்டு நிறுவனத்தின் மான்செஸ்டர் கிளை அழைக்கப்பட்டபோது, இந்த வரைபடங்களைக் கொண்டு எஞ்சினைச் செய்ய முடியாது என்று ஃபோர்டு பொறியாளர் ஒருவர் சொன்னார். வரைபடங்கள் கேட்கும் துல்லியம் கார் தொழிற்சாலைக்கு எட்டாதது போலும் என்று ஹூக்கர் எண்ணினார். கிடைத்த பதிலோ நேர்மாறானது: வரைபடங்களில் அனுமதிக்கப்பட்ட அளவு வேறுபாடுகள் ஃபோர்டுக்கு மிகவும் தாராளமாக இருந்தன. டெர்பியில் தேர்ந்த கைவினைஞர்கள் ஒவ்வொரு பாகத்தையும் அராவிப் பொருத்தினார்கள். ஃபோர்டிலோ எந்தப் பெட்டியிலிருந்து எதை எடுத்தாலும் பொருந்த வேண்டும். வரைபடங்கள் மறுபடி வரையப்பட்டன. மான்செஸ்டரில் ஃபோர்டும் டெட்ராய்டில் பேக்கார்டும் சேர்ந்து பல பத்தாயிரம் மெர்லின்களைச் செய்தன. உயர்தரம் என்பதும் ஒரே தரம் என்பதும் வெவ்வேறு என்ற பாடத்தை இந்நிறுவனம் பிறரிடம்தான் கற்றது.

ஜெட் எஞ்சின்களுக்கு மாறியது எப்போது?

ஃபிராங்க் விட்டில் கண்ட ஜெட் எஞ்சினைத் தயாரிக்கும் பணி முதலில் ரோவர் கார் நிறுவனத்திடம் இருந்தது, வேலை நகரவில்லை. 1942இன் இறுதியில் ரோல்ஸ்-ராய்ஸின் எர்னஸ்ட் ஹைவ்ஸ், ரோவரின் தலைவரிடம் ஒரு மாற்றுப் பேரம் பேசினார்: நீங்கள் எங்கள் டாங்கி எஞ்சின் பணியை எடுத்துக்கொள்ளுங்கள், பார்னோல்ட்ஸ்விக்கில் உள்ள ஜெட் பணியை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்பதே அது. 'ஆர்பி' என்று தொடங்கும் எஞ்சின் எண்களில் உள்ள 'பி', லங்காஷயர் எல்லையில் உள்ள அந்தச் சிற்றூரைக் குறிப்பது. அதுவரை வேட்டைப் பறவைகளின் பெயர்களைத் தாங்கிய எஞ்சின்கள் அதன்பின் பிரிட்டனின் ஆறுகளின் பெயர்களைப் பெற்றன: வெலண்ட், டெர்வென்ட், நீன், ஏவான், டார்ட், ஸ்பே, ட்ரென்ட்.

நீன் எஞ்சினை 1946இல் பிரிட்டிஷ் அரசின் ஒப்புதலோடு சோவியத் ஒன்றியத்துக்கு விற்றது இந்த வரலாற்றின் பெரிய முரண். சோவியத் பொறியாளர்கள் அதைப் படியெடுத்து மேம்படுத்தி மிக்-15இல் பொருத்தினார்கள். நான்கே ஆண்டுகளில் கொரிய வானில் மேற்குலக விமானிகள் அதை எதிர்கொண்டார்கள்.

இவ்வளவு பெரிய நிறுவனம் 1971இல் திவாலானது எப்படி?

ஒரே ஒரு எஞ்சினால். 1968 மார்ச்சில் அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனம் தனது ட்ரைஸ்டார் விமானத்துக்கு ஆர்பி-211 எஞ்சினைத் தேர்ந்தெடுத்தது. அந்த ஒப்பந்தத்தைப் பெறுவதற்காக ரோல்ஸ்-ராய்ஸ் மாறாத விலை ஒன்றை ஒப்புக்கொண்டது. அதே நேரத்தில் அதுவரை எவரும் செய்திராத பல புதுமைகளை ஒரே எஞ்சினில் திணித்தது. முன்பக்க விசிறியின் பிளேடுகளை 'ஹைஃபில்' என்ற கார்பன் இழைப் பொருளால் செய்து எடையைக் குறைப்பது அவற்றுள் ஒன்று. சுழலும் விசிறிக்குள் பறவையின் உடலைச் செலுத்திப் பார்க்கும் சோதனையில் அந்தப் பிளேடுகள் நொறுங்கின. டைட்டானியத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. உருவாக்கச் செலவு 1970இல் முதல் மதிப்பீட்டின் ஏறக்குறைய இரு மடங்கை எட்டியது. ஒவ்வொரு எஞ்சினையும் செய்ய ஆகும் செலவு அதன் விற்பனை விலையையே தாண்டும் என்று தெரிந்தது. 1971 பிப்ரவரி 4 அன்று நிறுவனம் கடன் தீர்ப்பாளரின் பொறுப்புக்குப் போனது.

தனியார் தொழிலில் அரசு தலையிடாது என்று சொல்லி ஆட்சிக்கு வந்த எட்வர்ட் ஹீத்தின் கன்சர்வேட்டிவ் அரசே அதை நாட்டுடைமையாக்கியது. விமானப்படையின் எஞ்சின்களும் நீர்மூழ்கிகளின் அணு உலைகளும் அதன் கையில் இருந்தபோது வேறு வழி இருக்கவில்லை. அட்லாண்டிக்கின் மறுகரையில், லாக்ஹீடுக்கு 25 கோடி டாலர் கடன் உத்தரவாதம் தருவதற்கான மசோதா அமெரிக்க செனட்டில் ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் நிறைவேறியது. அது தோற்றிருந்தால் ட்ரைஸ்டாரும் அதன் எஞ்சினும் சேர்ந்தே மறைந்திருக்கும். ஓய்வு பெற்றிருந்த ஹூக்கர் திரும்ப அழைக்கப்பட்டார். அவரும் அவரைப்போலவே மூத்த சில பொறியாளர்களும் எஞ்சினைத் திருத்தி 1972இல் சேவைக்குக் கொண்டுவந்தார்கள். நிறுவனத்தைக் கவிழ்த்த அதே வடிவமைப்பிலிருந்துதான் இன்று அதற்குச் சோறு போடும் ட்ரென்ட் எஞ்சின் குடும்பம் முழுவதும் கிளைத்தது. 1987இல் நிறுவனம் மீண்டும் தனியார்மயமானது.

மூன்று தண்டு வடிவமைப்பு என்றால் என்ன?

ஜெட் எஞ்சினில் முன்னால் காற்றை அமுக்கும் பகுதியும், பின்னால் எரிந்து வெளிவரும் வாயுவால் சுழலும் டர்பைனும் ஒரு தண்டால் இணைந்திருக்கும். அமெரிக்க எஞ்சின்களில் பொதுவாக ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தண்டுகள் உண்டு. ரோல்ஸ்-ராய்ஸின் பெரிய எஞ்சின்களில் மூன்று: விசிறிக்கு ஒன்று, இடைநிலை அமுக்கத்துக்கு ஒன்று, உயர் அமுக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தனக்கு உகந்த வேகத்தில் சுழல முடிவதால் எஞ்சின் குட்டையாகவும் விறைப்பாகவும் அமைகிறது. தாங்கிகளும் (பேரிங்) எண்ணெய்க் குழாய்களும் நெருக்கமான இடத்தில் சிக்கலாகப் பின்னிக்கொள்வது அதற்குக் கொடுக்கும் விலை. அந்த விலை என்னவென்று 2010இல் தெரிந்தது, கீழே வருகிறது.

டர்பைன் பிளேடு செய்வது ஏன் இவ்வளவு கடினம்? உலகில் மிகச் சில நாடுகளுக்கு மட்டும் அது கைவந்திருப்பது ஏன்?

எஞ்சின் தொழிலில் மிகக் கடினமான பொருள் எது என்று கேட்டால், உள்ளங்கையில் அடங்கும் அந்த உயர் அமுக்க டர்பைன் பிளேடைத்தான் காட்ட வேண்டும். எரிபொருள் எரியும் அறையான எரிகலனிலிருந்து வெளிவரும் வாயுவின் வெப்பம், அந்தப் பிளேடு செய்யப்பட்ட நிக்கல் கலவை உருகும் வெப்பநிலையைவிடச் சில நூறு டிகிரி கூடுதலானது. ஏர்பஸ் ஏ350இன் ட்ரென்ட் எக்ஸ்டபிள்யூபி எஞ்சினில் அந்தப் பிளேடுகளைத் தாங்கும் வட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 12,500 முறை சுழல்கிறது; ஒவ்வொரு பிளேடும் வாயுவிலிருந்து சுமார் 800 குதிரைத்திறனை இழுத்துத் தருகிறது. உருக வேண்டிய சூழலில் உருகாமல், பல டன் இழுவிசையில் நீளாமல், பல ஆயிரம் பயணங்களுக்கு அது தாக்குப்பிடிக்க வேண்டும்.

அதைச் சாத்தியமாக்குபவை மூன்று உத்திகள். முதலாவது, பிளேடின் உள்ளே வளைந்து வளைந்து செல்லும் காற்றுவழிகள். அமுக்கப்பட்ட காற்றின் ஒரு பகுதியை எரிகலனுக்கு அனுப்பாமல் பிளேடின் அடிவழியே உள்ளே செலுத்தி, மேற்பரப்பில் உள்ள நுண்துளைகள் வழியே கசியவிடுகிறார்கள். அது பிளேடின்மேல் மெல்லிய காற்றுப் போர்வையாகப் படர்கிறது. 'குளிர்' காற்று என்று சொன்னாலும் அதுவே பல நூறு டிகிரி சூட்டில் இருப்பதுதான். இரண்டாவது, வெப்பத்தைத் தடுக்கும் பீங்கான் பூச்சு.

மூன்றாவது உத்தியே மிகவும் நுட்பமானது. சாதாரணமாக வார்த்த உலோகம் எண்ணற்ற சிறு படிகங்களின் தொகுப்பு. மிகுந்த வெப்பத்தில் இழுபடும்போது அப்படிகங்களின் எல்லைகளில்தான் அது நெகிழ்ந்து விரிசல் விடத் தொடங்கும். எனவே எல்லைகளே இல்லாதபடி பிளேடு முழுவதையும் ஒரே படிகமாக வளர்க்கிறார்கள். மெழுகில் பிளேடின் உருவைச் செய்து, அதைச் சுற்றிப் பீங்கான் ஓட்டை உருவாக்கி, மெழுகை உருக்கி வெளியேற்றி, வெற்றிட உலையில் உருகிய கலவையை ஊற்றுகிறார்கள். பஞ்சலோகச் சிலை வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதிகளுக்கு இதுவரை உள்ள படிகள் புதியனவல்ல. வேறுபாடு இனிமேல்தான் வருகிறது: அச்சின் அடியில் சுருள் வடிவில் ஒரு மெல்லிய வழி இருக்கும், அச்சை உலையின் சூட்டிலிருந்து மிக மெதுவாகக் கீழே இறக்கும்போது அடியில் தோன்றும் பல படிகங்களுள் ஒன்றுமட்டுமே அந்தச் சுருளைத் தாண்டி மேலேறும். பிளேடு முழுவதும் அந்த ஒன்றின் வளர்ச்சிதான். பின்னர் காற்றுவழிகளின் வடிவில் உள்ளே வைத்திருந்த பீங்கான் கருவை வேதிப்பொருளால் கரைத்து எடுத்து, நுண்துளைகளைத் துளைத்து, பூச்சு பூசுகிறார்கள். கலவையின் பொருள் விகிதங்களைப் பாடநூலில் காணலாம். எந்த வேகத்தில் இறக்குவது, எதைக் குறை என்று கழித்துக்கட்டுவது என்ற அறிவோ பல பத்தாண்டுத் தோல்விகளில் சேர்ந்தது. அதை எந்த நாடும் எளிதில் கைமாற்றித் தருவதில்லை.

எஞ்சினை விற்பதில் லாபம் இல்லை என்கிறார்களே, பின் நிறுவனம் எப்படிப் பிழைக்கிறது?

பெரிய பயணிகள் விமான எஞ்சின்களைப் பொறுத்தவரை அந்தக் கூற்று பெரும்பாலும் உண்மையே. ஒரு புதிய எஞ்சினை உருவாக்கப் பல ஆண்டுகளும் பெருஞ்செலவும் ஆகின்றன. விமான நிறுவனங்களோ மொத்தக் கொள்முதலில் பெரும் தள்ளுபடி கேட்கின்றன. எனவே எஞ்சினை அடக்கவிலைக்கோ அதற்கும் கீழாகவோ கொடுத்துவிட்டு, அது பறக்கும் இருபது, முப்பது ஆண்டுகளில் பராமரிப்பிலும் உதிரிப் பாகங்களிலும் பணத்தை மீட்பதுதான் நடைமுறை.

அதன் ஒழுங்குபடுத்தப்பட்ட வடிவமே 'மணிக்கணக்கில் கட்டணம்' என்ற ஏற்பாடு. பின்னாளில் ரோல்ஸ்-ராய்ஸோடு இணைந்த பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் 1962இல் சிறிய ஜெட் விமானங்களின் வைப்பர் எஞ்சினுக்காக இதைத் தொடங்கியது. எஞ்சின் பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் விமான நிறுவனம் நிர்ணயித்த தொகையைக் கட்டும். பழுது, பாகம், மறுசீரமைப்பு எல்லாம் எஞ்சின் நிறுவனத்தின் பொறுப்பு. பறக்கும்போதே எஞ்சினின் வெப்பம், அதிர்வு, எண்ணெய் அழுத்தம் முதலான அளவுகள் டெர்பிக்குச் சென்று சேர்கின்றன.

பழைய ஏற்பாட்டில் எஞ்சின் பழுதானால் பாகம் விற்கும் நிறுவனத்துக்கு வருமானம். இந்த ஏற்பாட்டில் பழுதானால் அதற்கே செலவு. வாடிக்கையாளருக்கும் நிறுவனத்துக்கும் ஒரே விருப்பம் என்று விளம்பரங்கள் சொல்வது அந்த அளவில் பொய்யல்ல. ஆயினும் இதற்கு மறுபக்கம் உண்டு. எஞ்சினைப் பற்றிய தரவு, பாகங்கள், பழுது பார்க்கும் உரிமை அனைத்தும் ஒரே கையில் சேர்வதால், விமான நிறுவனம் வேறு பட்டறைக்குப் போவது கடினமாகிறது. மேலும், விமானம் பறக்காவிட்டால் வருமானமே இல்லை. 2020இல் கொரோனாவால் உலகின் நெடுந்தூர விமானங்கள் தரையில் நின்றபோது, இந்தத் திட்டத்தை மிகுதியாக நம்பியிருந்த ரோல்ஸ்-ராய்ஸ் போட்டியாளர்களைவிட ஆழமாக அடிபட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் 9,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. பங்குதாரர்களிடம் புதிதாக 200 கோடி பவுண்டு திரட்டியது. 2023இல் பொறுப்பேற்ற தலைமை நிர்வாகி துஃபான் எர்கின்பில்கிச் பராமரிப்பு ஒப்பந்தங்களின் விலையைக் கறாராகத் திருத்தத் தொடங்கிய பிறகும், நெடுந்தூரப் பயணங்கள் மீண்ட பிறகும் நிலைமை தலைகீழாக மாறியது.

2010இல் குவாண்டாஸ் விமானத்தில் நடந்தது என்ன?

2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட குவாண்டாஸ் 32 என்ற ஏ380 விமானத்தின் ஒரு ட்ரென்ட் 900 எஞ்சின், இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு மேலே வெடித்தது. டர்பைன் வட்டு உடைந்து, துண்டுகள் எஞ்சின் உறையைக் கிழித்து, இறக்கையைத் துளைத்து, மின்கம்பிகளையும் எரிபொருள் தொட்டியையும் சேதப்படுத்தின. விமானத்தில் இருந்த 469 பேரும் காயமின்றிச் சாங்கி விமான நிலையத்தில் இறங்கினார்கள்; தரையிறங்கிய பிறகும் இன்னொரு எஞ்சினை நிறுத்த முடியாமல் தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்கில் நீர் பீய்ச்ச வேண்டியிருந்தது.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2013இல் வெளியிட்ட அறிக்கை காரணத்தைத் தெளிவாகச் சொன்னது. எண்ணெய் செல்லும் ஒரு குறுங்குழாயின் உள்துளை மையம் விலகிக் கடையப்பட்டிருந்தது. அதனால் ஒரு பக்கச் சுவர் மெலிந்து, உலோகக் களைப்பால் விரிசல் விட்டு, எண்ணெய் கசிந்து தீப்பற்றி, அந்தச் சூட்டில் வட்டு தன் தண்டிலிருந்து பிரிந்து கட்டுமீறிய வேகத்தில் சுழன்று உடைந்தது. ஒற்றைப் படிகம் வளர்க்கத் தெரிந்த நிறுவனத்தைத் தலைகுனியவைத்தது ஒரு சிறு குழாயில் விலகிப்போன துளை. அதே குறை வேறு எஞ்சின்களிலும் இருந்தது என்பதும், தரக்கட்டுப்பாட்டில் அது சிக்கவில்லை என்பதுமே அறிக்கையின் கடுமையான பகுதி.

ட்ரென்ட் 1000 எஞ்சினில் என்ன பிரச்சினை?

போயிங் 787இல் பொருத்தப்படும் இந்த எஞ்சினின் இடைநிலை டர்பைன் பிளேடுகள், காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களின் அரிப்பால் எதிர்பார்த்ததைவிட விரைவாக விரிசல் விட்டன. 2016இல் ஜப்பானின் ஏஎன்ஏ நிறுவனத்தின் விமானங்களில் அது வெளிப்பட்டது. பின்னர் அமுக்கப் பகுதியின் பிளேடுகளிலும் விரிசல்கள் தெரிந்தன. பல விமானங்கள் மாதக்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டன. மணிக்கணக்குக் கட்டணத் திட்டத்தின்படி செலவு முழுவதும் நிறுவனத்தின் தலையில் விழுந்தது. அது 200 கோடி பவுண்டைத் தாண்டியது.

பாதுகாப்புத் துறையில் இந்நிறுவனம் என்னென்ன தயாரிக்கிறது?

வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பாதுகாப்புப் பிரிவிலிருந்து வருகிறது. யூரோஃபைட்டர் டைஃபூனின் இஜே200 எஞ்சினை ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் நிறுவனங்களோடு சேர்ந்து செய்கிறது. செங்குத்தாக இறங்கும் எஃப்-35பி போர் விமானத்தில் முதன்மை எஞ்சின் அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னியுடையது என்றாலும், விமானியின் பின்னால் உள்ள தூக்கு விசிறி அமைப்பு ரோல்ஸ்-ராய்ஸுடையது. 1995இல் அமெரிக்காவின் அலிசன் நிறுவனத்தை வாங்கியதால் ஹெர்குலிஸ் சரக்கு விமானங்களின் எஞ்சினும் செங்குத்தாக எழும் ஆஸ்ப்ரே விமானத்தின் எஞ்சினும் இதன் கைக்கு வந்தன. அந்த அமெரிக்கக் கிளையின் எஃப்130 எஞ்சினைத்தான் 2021 செப்டம்பரில் அமெரிக்க விமானப்படை தன் பழைய பி-52 குண்டுவீச்சு விமானங்களுக்குத் தேர்ந்தெடுத்தது: விமானம் ஒன்றுக்கு எட்டு வீதம் 76 விமானங்களுக்கு 608 எஞ்சின்கள். பிரிட்டன், ஜப்பான், இத்தாலி சேர்ந்து உருவாக்கும் அடுத்த தலைமுறைப் போர் விமானத்தின் எஞ்சின் பணியிலும் அது முதன்மைப் பங்காளி.

இவை எல்லாவற்றையும்விட அரசுக்கு இன்றியமையாதது கடலுக்கடியில் இருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிகளுக்கான உலைகள் டெர்பியிலேயே செய்யப்படுகின்றன. பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா செய்துகொண்ட ஆக்கஸ் உடன்பாட்டின்கீழ் ஆஸ்திரேலியா கட்டவிருக்கும் நீர்மூழ்கிகளுக்கும் உலைகள் அங்கிருந்தே செல்லும். இதனால்தான் தனியார்மயமான பின்னும் பிரிட்டிஷ் அரசு ஒரு 'சிறப்புப் பங்கை' வைத்திருக்கிறது. முக்கியப் பகுதிகளை விற்பதையும் நிறுவனம் அந்நியர் கட்டுப்பாட்டுக்குப் போவதையும் அதைக் கொண்டு தடுக்கலாம். 1971 மறுபடி நேர்ந்தாலும் அரசு கைவிடாது என்பதை அனைவரும் அறிவர். அந்த உறுதி பலமா, சோம்பலுக்கு இடமா என்பதில் பிரிட்டனிலேயே கருத்து வேறுபாடு உண்டு.

லஞ்ச வழக்கு எப்படி முடிந்தது?

2017 ஜனவரியில் பிரிட்டன், அமெரிக்கா, பிரேசில் அதிகாரிகளுடன் செய்துகொண்ட உடன்பாடுகளின்படி மொத்தம் 67 கோடியே 10 லட்சம் பவுண்டு செலுத்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. பிரிட்டனின் கடும் மோசடி விசாரணை அலுவலகத்தோடு செய்த உடன்பாட்டில் இந்தோனேசியா, தாய்லாந்து, இந்தியா, ரஷ்யா, நைஜீரியா, சீனா, மலேசியா ஆகிய ஏழு நாடுகளில் இடைத்தரகர்கள் தொடர்பாக நடந்த முறைகேடுகள் இடம்பெற்றன; அவை ஏறத்தாழ மூன்று பத்தாண்டுகளில் பரவியிருந்தன. விதிமுறைகளுக்கு இணங்கினால் வழக்கு தொடரப்படாது என்பதே அத்தகைய உடன்பாட்டின் தன்மை. தனிநபர்கள் மீதான விசாரணையை அதே அலுவலகம் 2019இல் குற்றச்சாட்டு எதுவுமின்றி முடித்துக்கொண்டது. நிறுவனம் பெருந்தொகை கட்டியது, பொறுப்பேற்க ஒருவரும் இல்லை என்ற விமர்சனம் எழுந்தது. அதில் நியாயம் இருக்கிறது.

இந்தியாவோடும் தமிழர் வாழும் நாடுகளோடும் என்ன தொடர்பு?

இந்திய விமானப்படையின் ஹண்டர், கான்பெரா விமானங்கள் ஏவான் எஞ்சினில் பறந்தவை. கான்பூரில் கட்டப்பட்ட ஆவ்ரோ விமானத்தில் இருப்பது டார்ட். ஜாகுவாரின் அடூர் எஞ்சினையும் பயிற்சி விமானமான ஹாக்கின் அடூரையும் அரசு நிறுவனமான இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்ஏஎல்) பெங்களூருவில் உரிமம் பெற்றுத் தயாரித்தது. கடற்படையின் சீ ஹாரியர் விமானங்களைச் செங்குத்தாக இறக்கிய பெகசஸ் எஞ்சின் 2016 வரை இந்திய வானில் இருந்தது.

ஆயினும் நினைவில் வைக்கத்தக்க கதை மாருதுடையது. ஜெர்மானியப் பொறியாளர் குர்ட் டாங்க் தலைமையில் எச்ஏஎல் வடிவமைத்த அந்தப் போர் விமானம் 1961இல் பெங்களூருவில் முதன்முதலாகப் பறந்தது. ஒலியை விஞ்சும் வேகத்துக்காக வரையப்பட்ட அதற்கு, பிரிஸ்டல் சிட்லியின் ஆர்ஃபியஸ் எஞ்சினின் ஆற்றல் மிகுந்த வடிவம் ஒன்று வர வேண்டியிருந்தது. அதன் உருவாக்கச் செலவை ஏற்க இந்தியா தயங்கியது. எஞ்சின் வரவே இல்லை. நல்ல உடல், போதாத எஞ்சின் என்ற நிலையில் மாருத் கடைசிவரை ஒலிவேகத்துக்குக் கீழேயே நின்றது. அன்று மிச்சம்பிடித்த தொகைக்குப் பல மடங்கை அதன்பின் எஞ்சின் இறக்குமதிக்கு இந்தியா கொடுத்திருக்கிறது என்பது என் கணிப்பு.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை தொடர்பு எதிர்பாராத இடத்தில் இருக்கிறது. சென்னையை அடுத்த ஆவடியில் கட்டப்படும் அர்ஜுன் டாங்கியின் 1,400 குதிரைத்திறன் டீசல் எஞ்சின், ஜெர்மனியின் ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபனில் உள்ள எம்டியு நிறுவனத்தின் வடிவமைப்பு. அந்த எம்டியு 2014 முதல் முழுமையாக ரோல்ஸ்-ராய்ஸ் வசம் உள்ளது. மியூனிக்கில் உள்ள எம்டியு விமான எஞ்சின் நிறுவனம் வேறு. பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். சிங்கப்பூரின் செலேத்தாரில் 2012இல் திறக்கப்பட்ட வளாகத்தில் ட்ரென்ட் எஞ்சின்கள் பூட்டப்படுகின்றன. விசிறியின் உட்குடைவான டைட்டானியம் பிளேடுகளும் அங்கே செய்யப்படுகின்றன.

உள்நாட்டு விமானங்களில் ஏன் இந்த எஞ்சினைக் காண முடிவதில்லை?

ஏ320 வகைச் சிறிய விமானங்களுக்கான வி2500 எஞ்சின் கூட்டு நிறுவனத்தில் ரோல்ஸ்-ராய்ஸுக்குப் பங்கு இருந்தது. 2012இல் அதைப் பிராட் அண்ட் விட்னிக்கு 150 கோடி டாலருக்கு விற்றுவிட்டு வெளியேறியது. அடுத்து வந்த ஏ320நியோ விமானங்கள் உலகில் மிகுதியாக விற்பவையாயின. அந்தச் சந்தையில் அதற்கு இடமே இல்லாமல் போயிற்று. நிறுவனம் எடுத்த முடிவுகளுள் மிகவும் வருந்தத்தக்கது இதுவே என்று கருதுவோர் பலர். 2023இல் சோதனையோட்டம் கண்ட அல்ட்ராஃபேன் என்ற, பல்லிணைப்பெட்டி (கியர்பாக்ஸ்) கொண்ட எஞ்சினைச் சிறிய அளவிலும் செய்து அச்சந்தைக்குத் திரும்ப இப்போது முயல்கிறது.

நான் ஏறும் விமானத்தில் இருப்பது இந்நிறுவனத்தின் எஞ்சின்தானா என்று எப்படி அறிவது?

எஞ்சின் உறையின் பக்கவாட்டில் இரட்டை 'ஆர்' முத்திரை இருக்கும். விமான வகையைக் கொண்டும் ஓரளவு சொல்லிவிடலாம். ஏ350, ஏ330நியோ என்றால் ஐயமே இல்லை. அவற்றுக்கு வேறு எஞ்சின் கிடையாது. ஸ்ரீலங்கன் நிறுவனத்தின் ஏ330 விமானங்களில் இருப்பது ட்ரென்ட் 700. போயிங் 787இல் இரண்டு வாய்ப்புகள் உண்டு: ஏர் இந்தியாவினுடையவை ஜெனரல் எலெக்ட்ரிக் எஞ்சின் கொண்டவை, சிங்கப்பூர் ஏர்லைன்ஸினுடையவை ட்ரென்ட் 1000. எஞ்சின் உறையின் பின்விளிம்பு இரண்டிலும் ரம்பப்பல் போலவே இருப்பதால் அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். போயிங் 777-300இஆர் என்றால் எப்போதும் ஜெனரல் எலெக்ட்ரிக்தான்.